ஒரட்டாங்கை மட்டை

எங்கள் பக்கத்தில் வலது கையைச் சோத்தாங்கை என்பார்கள், இடது கையை ஒரட்டாங்கை என்பார்கள். சோறு தின்பது முதல் கையின் வேலை. இரண்டாவது கைக்கு என்ன வேலை என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்தக் கையால் எதையும் கொடுக்கக் கூடாது, வாங்கவும் கூடாது. மறந்துபோய் நீட்டினால் அம்மா புறங்கையிலேயே ஒன்று வைப்பார்.

நானும் அப்பாவும் ஒரட்டாங்கைக்காரர்கள். அப்பாவுக்கு ஆறு வயதானபோது என் தாத்தா அந்தக் கையைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டி, மற்ற கையில் எழுதப் பழக்கினார். இன்றைக்கும் அப்பாவின் கையெழுத்து ஒரு நாள் போல மறுநாள் இருக்காது. பேங்கிலிருந்து கூப்பிட்டு, இது நீங்கள் போட்டதுதானா என்று கேட்பார்கள். ஆனால் கோயமுத்தூர் கணபதியில் அவர் நடத்தும் லேத் பட்டறையில் அரத்தைக் கையில் எடுத்தால் ஒரட்டாங்கைதான் முன்னால் வரும்.

ஒன்பதாம் வகுப்பில் நான் பள்ளி ஹாக்கி டீமில் சேர்ந்தேன். அந்த வாரமே அப்பா என்னைக் காந்திபுரத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குக் கூட்டிப்போனார். அப்பா அதுவரை ஒரு ஹாக்கி ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. அதை அவர் ஒரு குறையாக நினைக்கவில்லை. கடைக்காரர் எடுத்துவைத்த மட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேராக இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு விரலில் நிறுத்தி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். கடைசியில் சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்துக் கைப்பிடியை அளந்தார்.

“சார், பாப்பாவோட இடுப்பெலும்பு வரைக்கும் வந்தாப் போதுமுங்க. அம்புட்டுத்தான் அளவு” என்றார் கடைக்காரர்.

“அது சரிங்க. இதுலயே ஒரட்டாங்கைக்கு ஒண்ணு எடுங்க.”

“அப்படி ஒண்ணு கெடையாதுங்க.”

“ஸ்டாக் இல்லீங்களா?”

“ஒலகத்துலயே இல்லீங்க. ஸ்டிக்குக்கு ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. தட்டையிலதான் பந்தை அடிக்கோணும். அந்தத் தட்டை எப்பவும் இடது பக்கந்தான்.”

கோயமுத்தூர்க்காரரிடம் ஒரு சாமான் உலகத்திலேயே இல்லை என்று சொல்லக் கூடாது. அவர் அதை ஆர்டராக எடுத்துக்கொள்வார்.

“பம்புக்குள்ள சுத்தற இம்பெல்லர்லயே வலச்சுத்து, இடச்சுத்துன்னு ரெண்டு போடறோமுங்க. இது மரக்கட்டை. இதுல என்ன இருக்குது?” என்றார் அப்பா. “சாம்பிளுக்கு ஒண்ணு குடுங்க, செஞ்சுபோடலாம்.”

ஸ்கூட்டரில் வரும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “என்னையத்தான் மாத்திப்போட்டாங்க கண்ணு. உன்னைய ஒருத்தனும் மாத்த உடமாட்டேன்.” எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது.

மறுநாள் பி.டி. மிஸ்ஸிடம் இந்த விஷயத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அட கிறுக்கி! யாரா இருந்தாலும் மேல புடிக்கறது ஒரட்டாங்கையிலதான். அந்தக் கைதான் ஸ்டிக்கைத் திருப்பும். கீழ இருக்கற சோத்தாங்கை சும்மா தாங்கறதுக்கு. மத்த புள்ளைகளுக்கு அந்தக் கையைப் பழக்கறதுக்குள்ள என்ற உசுரு போகுது. நீ பழகியே வந்திருக்கறே” என்று சொல்லி, பள்ளியின் பழைய மட்டை ஒன்றைக் கொடுத்தார்.

அரை மணி நேரத்தில் பந்து என் பேச்சைக் கேட்டது. அதுவரை இந்த உலகத்தில் எந்தச் சாமானும் என் கையை நினைத்துச் செய்ததாக எனக்குத் தோன்றியதில்லை, கத்தரிக்கோல் உட்பட.

சாயங்காலம் இதைச் சொல்லத்தான் பட்டறைக்கு ஓடினேன். அப்பா ஓடிக்கொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு, தரையில் குந்தி உட்கார்ந்து, சாம்பிள் மட்டையைச் சாக்பீஸால் இடவலம் மாற்றி வரைந்துகொண்டிருந்தார். “வா அம்மணி, கையைக் காட்டு” என்று என் விரல்களை வெர்னியரால் அளந்தார். அத்தனை சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. மட்டையே வேண்டியதில்லை என்று சொன்னால் அந்த முகம் என்ன ஆகும்? கையைக் காட்டினேன், வாயைத் திறக்கவில்லை.

மூன்று மாதம் வேலை நடந்தது. தாராபுரம் பக்கம் பட்டுப்பூச்சி வளர்க்கும் பெரியப்பா, வரப்போரம் நின்ற மல்பெரி மரத்தை வெட்டி அனுப்பினார். மட்டையின் முனையை வளைக்க மரத்தை ஆவியில் வேக வைக்க வேண்டும். “ஏனுங்க, இட்லிச் சட்டி எங்கீங்க?” என்று அம்மா போன் செய்தபோது அது பட்டறையில் ஒரு ஆறு இன்ச் பைப்புக்கு அடியில் கொதித்துக்கொண்டிருந்தது. முதல் மட்டை வளைக்கும்போதே முறிந்தது. இரண்டாவது, பந்தைத் தொட்டதும் பிளந்தது. மூன்றாவது நின்றது. மட்டை இரண்டு இன்ச் வளையத்துக்குள் நுழைந்து வர வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அன்றே அப்பா லேத்தில் ஒரு வளையம் கடைந்து, நுழைத்துப் பார்த்துத் திருப்தியடைந்தார். வேறு என்ன விதி இருக்கிறது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

பகலில் பள்ளியில் பழைய மட்டை, சாயங்காலம் பட்டறைக்குப் பின்னால் அப்பாவின் மட்டை. அதில் கைகளை மாற்றிப் பிடிக்க வேண்டும். பந்து ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன். “எப்படி இருக்குது கண்ணு?” என்பார். “சூப்பருங்ப்பா” என்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைத் தினமும் ஐந்தரை மணிக்குச் செய்தேன். அப்பா அதைப் பள்ளிக்கு எடுத்துப்போகச் சொன்னபோது, உடைந்துவிடும், மாவட்ட செலக்‌ஷனுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று புளுகினேன். உடனே அதற்கு ரெக்சினில் ஒரு உறை தைத்துக் கொண்டுவந்தார். ஆயுத பூஜையன்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். போய்ப் பார்த்தால் மட்டைக்கும் சந்தனம், குங்குமம் வைத்து லேத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். பொட்டு வைத்த சாமானைப் பற்றி எப்படிக் குறை சொல்வது?

செலக்‌ஷன் நாளும் வந்தது. அப்பா வேலைநாளில் பட்டறையைப் பூட்டிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மைதானத்தில் அம்பயர் ஒவ்வொரு மட்டையாக வளையத்தில் நுழைத்துச் சோதித்தார். எங்களுடையது வழுக்கிக்கொண்டு போனது. அப்பா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அம்பயர் மட்டையைத் திருப்பினார், மறுபடியும் திருப்பினார்.

“இதுல ஆட முடியாதுங்க. தட்டை தப்பான பக்கம் இருக்குது.”

“தப்பு இல்லீங்க, டிசைனே அதுதானுங்க. ஒலகத்துலயே இது ஒண்ணுதானுங்க.”

“அதேதானுங்க நானும் சொல்றேன்” என்று அம்பயர் மட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த மட்டை இப்போது பட்டறை ஷட்டரை இழுத்து இறக்கப் பயன்படுகிறது. அந்த வேலைக்குத் தட்டை எந்தப் பக்கம் இருந்தாலும் பரவாயில்லை.

அன்று அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. “கண்ணு, இப்ப எதுல ஆடுவே?” என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பி.டி. மிஸ் வந்து, “தெனமும் ஆடறதுலதானுங்க” என்று பள்ளி மட்டையை என் கையில் கொடுத்தார். அப்பாவைப் பார்க்கத் தைரியமில்லாமல் உள்ளே ஓடினேன்.

இரண்டு கோல் போட்டேன். இரண்டாவதற்குப் பிறகு அப்பா பக்கம் பார்த்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் தட்டவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை டீமில் எடுத்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில் உக்கடத்தில் ஒரு டீக்கடை முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“மொத நாளே மிஸ் சொன்னாங்ப்பா.”

“அப்பறம் ஏன் மூணு மாசம் வாயைத் தொறக்கல?”

“நீங்க சந்தோசமா இருந்தீங்க.”

அப்பா என்னிடமிருந்த பள்ளி மட்டையைக் கேட்டு வாங்கினார். வெள்ளைச் சட்டையோடு டீக்கடை வாசலில் நின்று, நான் பிடித்த மாதிரியே ஒரட்டாங்கையை மேலே வைத்துப் பிடித்தார். மணிக்கட்டைத் திருப்பினார். தட்டைப் பக்கம், உருண்டைப் பக்கம், மறுபடியும் தட்டை. அரம் பிடிக்கும் கை, யாரும் சொல்லிக்கொடுக்காமலே திரும்பியது.

“இப்படி ஒரு வெளையாட்டு இருந்திருக்குது” என்றார். “எனக்கு யாருமே சொல்லலியே கண்ணு.”

அப்பா அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. நான் அழுதேன். தாத்தா செத்து வெகு காலமாகியிருந்தது, இருந்தாலும் அவர்மேல் எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் போகவில்லை.

டீ வந்தது. மட்டையைச் சோத்தாங்கைக்கு மாற்றிக்கொண்டு, என் கிளாஸை ஒரட்டாங்கையால் எடுத்து என்னிடம் நீட்டினார். நானும் ஒரட்டாங்கையால் வாங்கிக்கொண்டேன். கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். அப்பா அவருக்குக் காசையும் அந்தக் கையாலேயே நீட்டினார்.