ஐரிஸ் ஏலத்தில் எடுத்த வைக்கோல் கட்டு

செல்வத்துரையின் செம்மறிகள் ஜெபம் பண்ணாமல் சாப்பிடமாட்டா. நான் கூட்டிச் சொல்லுகிற ஆள்தான். அவருடைய கிடாய் முட்டிப் பருத்தித்துறை பஸ் பின்னுக்குப் போனது என்று உடுப்பிட்டி முழுக்கச் சொன்னதும் நான்தான். ஆனால் இது கண்ணால் கண்டது. மாரியில் புல்லெல்லாம் தண்ணீருக்குள் கிடக்கும்போது, அவர் வைக்கோல் கட்டொன்றைக் கயிறறுத்துப் பலகையில் உதறிப் போடுவார். ஐந்து மறியும் ஓடிவந்து நிற்கும்.

"கர்த்தாவே, உந்தக் கள்ளியளுக்கும் சாப்பாடு தந்தீர், ஸ்தோத்திரம். ஆமென்."

ஆமென் கேட்ட பிறகுதான் வாய் வைக்கும். "போதகருக்கே இப்பிடி ஒழுங்கான சபை கிடைக்கேல்லை," என்று அவர் மனைவி ஐரிஸ் சிரிப்பாள்.

கோயில் அறுவடைப் பண்டிகைக்குச் சனம் வாழைக்குலை, பூசணிக்காய் கொண்டுவரும். எல்லாம் ஏலத்தில் போகும். செல்வத்துரை கொண்டுபோவது தன் வயலின் முதல் வைக்கோல் கட்டு. ஊரில் வேறு ஒருவரிடமும் செம்மறி இல்லை. ஆகவே தானே கேட்டு, தானே விலையை ஏற்றி, தானே திரும்பச் சுமந்து வருவார். "இன்னும் கூட்டுங்கோ அண்ணை, உங்களோடை ஆர் போட்டி?" என்று ஏலம் கூறும் கொலின்ஸ் சீண்டுவான். அந்தக் கட்டுக்கு வேறொருவர் வாய் திறப்பது மரியாதையில்லை என்றே ஆகிவிட்டது.

போன ஐப்பசியில் செல்வத்துரை போய்விட்டார். ஐரிசுக்கு முழங்கால் ஏலாது. கட்டைத் தூக்க முடியாமல் உருட்டிக்கொண்டு போய்ப் போட்டு, அவரைப் போலவே ஜெபித்தாள். மகள் நிமலினி கொழும்புக்கு வரச் சொன்னாள். அங்கே இருப்பது மாடி வீடு.

"மறியளை ஆரிட்டையாவது கேட்டுக் குடுத்துவிடன்," என்றேன்.

"கேட்டால் ஒருத்தரும் மாட்டன் எண்டு சொல்லமாட்டினம், அக்கா. செத்த மனுசன்ரை முகத்துக்காக வாங்கிக்கொண்டு போய்ப் பட்டினி போடுவினம். விரும்பி ஒராள் வரவேணும்."

அவள் மனதுக்குள் முடிவெடுத்திருந்தாள். இந்த முறை வைக்கோல் கட்டை யார் கேட்கிறாரோ, அவருக்கே மறிகள் ஐந்தும் சும்மா. எனக்கு இதைச் சொன்னது எல்லாம் முடிந்த பிறகு.

பண்டிகையன்று கொலின்ஸ் கட்டை மேசையில் வைத்தான். "ஆர் கேக்கிறியள்?"

எல்லாக் கண்ணும் செல்வத்துரை வழக்கமாய் இருக்கும் கதிரைக்குப் போய், அங்கிருந்து ஐரிசிடம் வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஜஸ்ரின் கனகாலமாய் மறி வளர்க்க ஆசைப்பட்டவன். கை பாதிதான் உயர்ந்தது. அவன் மனுசி தொடையில் கிள்ளினாள்.

"பேசாமல் இருமப்பா. அது அந்த மனுசன்ரை கட்டு. அவ எடுக்கட்டும்."

முன்வரிசையில் இருந்த ஐரிஸ் அதைக் காணவில்லை.

"ஒருத்தரும் கேக்கேல்லையோ? ஒருதரம்... இரண்டுதரம்..."

ஐரிஸ் கையை உயர்த்தினாள். அவள் மறிகளோடு ஊரிலேயே இருக்கப்போகிறாள் என்று நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். நான்தான் பலமாகத் தட்டினேன்.

செவ்வாய்க்கிழமை இறைச்சிக்கடைக்காரனின் வாகனம் வந்தது. மறிகளை ஏற்றிய பிறகு ஐரிஸ் அந்தக் கட்டை உருட்டிவந்து, கயிறறுத்து, பின்பெட்டிக்குள் உதறிப் போட்டாள்.

"உதுகளுக்கு இனி ஏனம்மா வைக்கல்?" என்றான் வாகனக்காரன்.

"விடியத் தொடக்கம் ஒண்டும் தின்னேல்லை, தம்பி."

ஒன்றும் வாய் வைக்கவில்லை. ஐந்து முகமும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றன. வாகனக்காரன் திறப்பைத் திருகி வாகனத்தை இயக்கினான். ஐரிசுக்கு ஜெபம் வரவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஆமென் மட்டும் சொன்னாள்.

ஐந்தும் குனிந்தன.