நானூற்றுப் பத்து பக்கங்கள்

என் மனைவியின் குரலில் மிஞ்சியது பத்தொன்பது விநாடி. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் தம்பி வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தது. பதிவு செய்த போன் தொலைந்துவிட்டது.

வேலையில் இருந்தவரை நான், கம்ப்யூட்டரை அடியில் இருந்து நடத்தும் கெர்னல் என்ற மென்பொருளின் மெமரிப் பகுதியைத்தான் எழுதினேன். டிஸ்க்கிலிருந்து படித்ததைக் கெர்னல் மெமரியில் பக்கம் பக்கமாக வைத்துக்கொள்ளும். அதுதான் கேஷ். இடம் போதாவிட்டால் சில பக்கங்களை வெளியே தள்ளும். தள்ளக் கூடாதவற்றைப் பூட்ட வேண்டும். மச்சினன் தினமும் காலையில் அக்காளின் குரலைப் போடுவான். திக்கித் திக்கி வருகிறது என்றான். கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்தக் குரல் அடங்கிய நானூற்றுப் பத்து பக்கங்களும் மெமரியில் பூட்டிக்கொள்ளும்படி செய்து கொடுத்தேன்.

போன மாதம் ஒரு காலையில் போன் செய்தான்.

“அத்தான், போட்டோ ஒண்ணும் தொறக்க மாட்டேங்கு. டிஸ்க் எர்ரர்னு வருது. அக்கா மட்டும் நல்லா பேசுதா.”

டிஸ்க் போய்விட்டது. கரண்ட் இருக்கும்வரை, பூட்டிய பக்கங்களில் மட்டும் அவள் இருக்கிறாள்.

“கம்ப்யூட்டரத் தொடாத மாப்ளே. பென்டிரைவ் எடுத்துக்கிட்டு வாரேன்.”

அன்று அங்கே மாதாந்திர மின்தடை. இன்வெர்ட்டர் மூன்று மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். ராஜபாளையத்தில் பஸ் ஏறி, வழியெல்லாம் மில் கேட்டுகளை எண்ணிக்கொண்டே போனேன். பதினொன்று.

வீட்டில் ஃபேன் ஓடவில்லை. திரை கறுப்பாக இருந்தது.

“தொடவே இல்ல அத்தான்,” என்றான். “மெயினையும் இன்வெர்ட்டரையும்தான் அமத்துனேன். போன தடவ கரண்டு திரும்பி வரையில ஃபிரிட்ஜு புகஞ்சிருச்சுல்லா. நீங்க வந்தா எப்பவும் போல போட்டுக்கலாம்னு நெனச்சேன்.”

சாயங்காலம் கரண்ட் வந்தது. டிஸ்க் டிக் டிக்கென்று ஒன்பது முறை அடித்துவிட்டு நின்றது. மறுபடி போட்டேன். அதே ஒன்பது. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“எனக்கு மனப்பாடம் அத்தான்,” என்று அக்காளைப் போலவே சொல்லிக் காட்டினான். “‘ஏலே, சட்னிய ஊத்திராத. அவிய ஆறு இட்லியையும் எண்ணி முடிக்கட்டும்.’”

“ஏழு,” என்றேன்.

“ஆறு அத்தான். தெனமும் கேக்கேன்லா.”

ஏழு என்றுதான் எனக்கு ஞாபகம். அன்று காலைவரை என்றால் போட்டுப் பார்த்திருக்கலாம்.