மாப்பிள்ளைக் காரின் டிக்கி

என் மாமாவுக்குத் தெரியாத வேலை எதுவும் கிடையாது. இதைச் சொன்னவர் மாமாதான். அம்மாவின் தம்பியான அவர் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு சைக்கிள் கடை வைத்திருந்தார். கடை போக அவரிடம் ஒரு காரும் இருந்தது. வெளிர் பச்சை நிறம், தலைக்கு மேல் கான்வாஸ் கூரை. அந்தக் கூரையை மடக்கிப் பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் போட்டுவிட்டால் அது திறந்த காராகிவிடும். யாரோ ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது மதராஸில் விட்டுப்போனது, பல கை மாறி மாமாவிடம் வந்து சேர்ந்திருந்தது.

ஊரில் யார் வீட்டு மாப்பிள்ளை அழைப்பானாலும் அந்தக் கார்தான் போகும். மாப்பிள்ளையைப் பின்பக்கம் உயரமாக உட்கார வைத்து, மேளம் முன்னால் போக, ராஜ வீதிகளில் மாமா நடை வேகத்தில் ஓட்டி வருவார். முன்சீட்டில் அவருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜனங்கள் பாதிப் பேர் என்னைப் பார்க்கத்தான் வாசலுக்கு வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காருக்கு ஒரே ஒரு குறை. மழை வந்தால் டிக்கிக்குள் தண்ணீர் புகுந்துவிடும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெட்டி அதில் ஊறிப்போய், பட்டு வேட்டிக்குப் பதில் அவர் யாரோ கொடுத்த எட்டு முழ வேட்டியைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார வேண்டியதாயிற்று.

மாமா அசரவில்லை. டிக்கியின் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். தகரத்தில் ஒரு ஓட்டை இருந்தது. "இதான், கண்டுபுடிச்சிட்டேன்" என்று சைக்கிள் டியூபை வெட்டி, சொல்யூஷன் தடவி, பஞ்சர் ஒட்டுவதுபோல ஒட்டிவிட்டார். அடுத்த மழையில் டிக்கி தொட்டியாகிவிட்டது. அவர் அடைத்தது தண்ணீர் உள்ளே வரும் வழியல்ல, வெளியே போகும் வழி.

"ரோட்டுல ஒரு சொட்டு ஒழுகுதா பாரு" என்று அதற்கும் மாமா பெருமைப்பட்டுக்கொண்டார்.

அடுத்து மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டையின்மேல் சந்தேகம் விழுந்தது. அம்மாவின் முகப் பவுடரை எடுத்து அந்தப் பட்டை முழுக்கப் பூசி, மூடியை அழுத்தி மூடித் திறந்தார். பவுடர் மூடியின் விளிம்பெங்கும் விட்டுப்போகாமல் ஒட்டியிருந்தது. பட்டையில் பழுதில்லை என்று அதற்கு அர்த்தம். பவுடர் டப்பாதான் காலி. அம்மா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. மழை பெய்தது, டிக்கி நனைந்தது. பிறகு வெயில் வந்ததும் மாமா அதை மறந்துபோனார்.

ஐப்பசி பிறந்தபோது கோடி வீட்டு அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் தெருவின் கடைசி வீடு அவர்களுடையது. அந்த அக்காவின் அப்பா நல்ல நெசவுக்காரர். மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தப் புடவையை அவரையே நெய்து தரச் சொல்லியிருந்தார்கள். அரக்கு நிறத்தில் அகல ஜரிகை போட்டு அவர் அதை நெய்து முடித்து, ஒரு மரப்பெட்டியில் வைத்து அவர்களிடம் ஒப்படைத்துமிருந்தார். மாப்பிள்ளையோடு அந்தப் பெட்டியும் ஊர்வலத்தில் வரவேண்டும்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு அவர் ஒரு காலையில் மாமாவிடம் வந்தார். "கார் உன்னுதுதான் வரணும்பா. மழக்காலம். பெட்டி டிக்கியிலதான் வருது. பாத்துக்க" என்றார்.

"நீங்க கவலைய விடுங்க" என்றார் மாமா. மறுநாள் அவர் கடையைத் திறக்கவில்லை. அதுவரை அவர் கடையை மூடி நான் பார்த்ததே இல்லை.

சைக்கிள் டியூப் என்றால் காற்றடித்துத் தண்ணீரில் முக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். காரை எந்த அண்டாவில் முக்குவது? அதனால் உள்ளே ஆளை வைத்து, வெளியே தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதென்று முடிவு செய்தார். டிக்கிக்குள் மடங்கி உட்காரக்கூடிய ஆள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். யாரும் கேட்பதற்கு முன்பே டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

"பொம்பளப் புள்ளைய டிக்கியில போட்டுப் பூட்டுறியா?" என்று அம்மா ஓடி வந்தாள்.

"பூட்டலக்கா, சும்மா சாத்தறேன். சாவிய நீயே வெச்சிக்க. பாப்பா, தண்ணி தெரிஞ்சா ஒடனே தட்டு."

மூடி சாத்தியதும் பெட்ரோல் வாசனையும் ஈரச் சாக்கு வாசனையும் மூக்கில் ஏறின. பயமாக இருந்தது என்று எழுதினால்தான் நன்றாயிருக்கும். ஆனால் எனக்குப் பயமில்லை. டார்ச்சை அடித்து மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா முதலில் மூடியின்மேல் ஊற்றினார். தலைக்கு மேல் மழைபோலச் சத்தம் கேட்டது, உள்ளே ஒன்றுமில்லை. பின்விளக்குகளின்மேல் ஊற்றினார். அங்கும் ஒன்றுமில்லை. நடுவில் கிணற்றிலிருந்து அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைக்கும் சத்தமும், அவள் தணிந்த குரலில் பேசுவதும் தகரத்தின் வழியாகத் தெளிவாகக் கேட்டன.

"ரெண்டு வருஷமா சொன்னேன், போய்ப் பொண்ணு கேக்கலாம்டான்னு. பாக்கலாம் பாக்கலாம்னுக்கினு இருந்த. இப்ப அந்தப் பொண்ணோட புடவ நனையக் கூடாதுன்னு தண்ணி ஊத்திக்கினு இருக்கிற."

"அடுத்த குடத்தக் குடுக்கா" என்றார் மாமா.

எனக்கு அப்போது அதையெல்லாம் கேட்கப் பொழுதில்லை. கூரை மடங்கும் பள்ளத்தில் அந்தக் குடத்தை அவர் கவிழ்த்ததுதான் தாமதம், இடது பக்கப் பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு நூல் தண்ணீர் நெளிந்து வந்து தரையில் பரவியது. இரண்டு கையாலும் மூடியைத் தட்டினேன். "மாமா, கெடச்சிடுச்சி! மாமா!"

பலகையைக் கழற்றினால் உள்ளே ஒரு ரப்பர் குழாய். கூரைப் பள்ளத்தில் விழும் மழைநீரைக் கீழே ரோட்டுக்கு இறக்கிவிடுவதற்காக வைத்தது. அது அடைத்துக்கொண்டு, மேல்பக்க மூட்டு விட்டுப்போயிருந்தது. மாமா குழாயை உருவி, ஒரு சைக்கிள் கம்பியை உள்ளே விட்டுக் குத்தினார். கறுப்பாக ஒரு கட்டி வெளியே விழுந்தது. கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். ரோஜா இதழ்கள், மஞ்சள் அரிசி, வாழைநார், ஜிகினாத் துண்டுகள். ஊரில் இத்தனை நாள் மாப்பிள்ளைகளின்மேல் தூவிய அட்சதையும் பூவும் பள்ளத்துக்குள் போய், குழாயில் இறங்கி, மக்கி நின்றிருந்தன. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா அதை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாக்கடையில் எறிந்தார்.

புதுக் குழாய் போட்டு, இரண்டு மூட்டிலும் கம்பி சுற்றி முறுக்கினார். வலது பக்கக் குழாயையும் விட்டுவைக்கவில்லை. பள்ளத்தின் துளைகளுக்குக் கம்பி வலை வெட்டி வைத்தார். தரையில் ஒட்டியிருந்த பஞ்சர் துண்டைப் பிய்த்தெடுத்தார். பிறகு என்னை உள்ளே வைத்து மறுபடி குடம் குடமாக ஊற்றினார். பள்ளத்தில் விட்ட தண்ணீரெல்லாம் குழாய் வழியே ரோட்டில் கொட்டியது. நான் ஒரு திவலைகூட மேலே படாமல் வெளியே வந்தேன்.

அழைப்பன்று பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கூரையை இழுத்து மூடுவதற்குள் மாப்பிள்ளையின் தலைப்பாகை நனைந்துவிட்டது. மேளக்காரர்கள் தாழ்வாரங்களில் ஒதுங்கினார்கள். நான் மட்டும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். டிக்கிக்குள் ஒரு சொட்டுக்கூடப் போகாதென்று எனக்குத் தெரியுமே.

சத்திரத்தில் மாமா பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு போய்ப் பெண்ணின் அறை வாசலில் வைத்தார். அக்காவின் அப்பா திறந்து, புடவையின் மடிப்புகளுக்குள் புறங்கையை விட்டுப் பார்த்தார். "ஒரு பொட்டு ஈரமில்லப்பா!" என்றார்.

தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். "ரொம்ப நாளா ஒழுகுதுன்னு சொல்லுவாங்களே. சரி பண்ண எத்தினி நாளாச்சு?"

"ஒரே நாள்தான்."

"ஒரே நாள் வேலதானா? அப்ப முன்னாடியே செஞ்சிருக்கலாமே."

எதற்கும் சட்டென்று பதில் வைத்திருக்கும் மாமா குனிந்து பெட்டியின் மூடியைச் சாத்தப் போனார். அவருக்காக நான் சொன்னேன்: "எங்க ஒழுகுதுன்னே முன்னாடி தெரியலக்கா. நான் உள்ள போய்ப் பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது." சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. என் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் குனிந்துகொண்டாள்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். மாமா வேலை இருக்கிறதென்று கிளம்பிவிட்டார். தூறல் விடவில்லை. ஆனாலும் அவர் கூரையை மடக்கிப் பள்ளத்தில் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். குழாயை இன்னொரு முறை சோதிக்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன். ஒரு நல்ல வேலைக்காரர் அப்படித்தான் செய்வார். வழியெல்லாம் நனைந்துகொண்டே வந்தோம்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் குதித்து ஓடி டிக்கியைத் திறந்தேன். விரிப்பைத் தடவினேன், மூலைகளைத் தடவினேன், விரலை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தேன். "மாமா, காஞ்சு கெடக்குது! வந்து பாரு!" என்று கத்தினேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தார். அம்மா உள்ளேயிருந்து துண்டோடு வந்தாள். அவர் தலையை அவளே துவட்டத் தொடங்கினாள், சின்னப் பிள்ளைக்குத் துவட்டுவதுபோல. என்னைப் பார்த்து, "நீ உள்ள போய்ப் பாவாடய மாத்து" என்றாள்.

நான் போகவில்லை. டிக்கி மூடியை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். எங்கள் கார் முதன்முதலாக ஒரு மழையை வென்றிருக்கிறது, இவர்கள் இரண்டு பேரில் ஒருவராவது திரும்பிப் பார்க்க வேண்டாமா என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.