தகரத்தில் எழுத ஒரு பெயர்

மும்பை கோவண்டி கபர்ஸ்தான் வாசலில் ஒரு கடையில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். இறந்தவர்களை அடக்கிய கபர்களின் தலைமாட்டில் நடும் தகரப் பலகைகளை எழுதித் தரும் கடை இது. எழுதுகிறவர் தாராவித் தமிழர். பிரஷ்ஷைக் கறுப்பு பெயிண்டில் முக்கிவிட்டுக் காத்திருக்கிறார். எதிரே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கணவர் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்துவிட்டு இன்றைக்குத்தான் வெளியே வந்தாராம்.

“பேரச் சொல்லுங்கக்கா.”

அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்கிறார். “ஜக்கரியா நபிக்கு வயசான காலத்துல ஒரு புள்ள பொறந்துச்சுல்லா, அந்தப் புள்ள பேரு. அல்லாவே வச்ச பேரு.”

“எனக்கு அதெல்லாம் மாலும் இல்லக்கா. நேராச் சொல்லுங்க.”

“உசிரோட இருப்பான்னு அர்த்தம். இவங்களுக்கு முந்திப் பொறந்த ரெண்டும் தங்கலன்னு மாமி தேடி வச்ச பேரு.”

பிரஷ்ஷிலிருந்து பெயிண்ட் சொட்டுகிறது. எழுதுகிறவர் என்னைப் பார்க்கிறார். எனக்கும் தெரியவில்லை.

“புருஷன் பேரச் சொன்னா அவங்க ஆயுசு கொறையும்னு எங்க உம்மா சொல்லுவாங்க,” என்கிறார் அந்தப் பெண். “முப்பது வருஷத்துல ஒருநாளும் நான் சொன்னதில்ல.”

அவர் வாசல் வழியாக உள்ளே, நனைந்து கிடக்கும் மண்மேடுகளைப் பார்க்கிறார்.

“இனிமே சொல்லலாந்தான தம்பி?”

எழுதுகிறவர் தலையைக் குனிந்துகொள்கிறார்.

தெருமுனையில் நிற்கிற ஒருவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், கபர்களைப் பார்த்து அந்தப் பெண் சொல்கிறார்:

“யஹ்யா.”