சிவபாதம் அண்ணையின் சாப்பாட்டுக் கதிரை

போன வாரம் செவ்வாய்க்கிழமை, காலைக் கோப்பி நேரத்தில் செய்தி வந்தது. வேலைக்கு வரும் வழியில், பஸ் தரிப்பிடத்தில், சிவபாதம் அண்ணை மாரடைப்பால் காலமாகிவிட்டார். தொலைபேசியை வைத்த எங்கள் மேற்பார்வையாளர், மீதிக் கதிரைகளை யார் முடிப்பது என்றுதான் முதலில் கேட்டார். 

எண்பத்தைந்தில் டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகருக்கு அகதியாக வந்தவர் அவர். ஊரில் தச்சுவேலை செய்தவர் என்பதால் நான் வேலைசெய்த தளபாடப் பட்டறையிலேயே அவருக்கும் இடம் கிடைத்தது. பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஒருவரின் வரைபடத்தைப் பார்த்து, ஆணி அடிக்காமல், தடித்த ஓக் மரத்தில் சாப்பாட்டுக் கதிரைகள் செய்துகொண்டிருந்தோம். டேனிஷ் ஓரளவு தெரிந்த நான்தான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர்.

ஒரு கதிரை முடிந்தால், அதில் அமர்ந்து மத்தியானச் சோற்றைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார்.

"சாப்பிடுறவன் முன்னுக்குக் குனிவான், தம்பி. சும்மா இருந்து பாத்தால் கதிரையின்ர குறை தெரியாது" என்பார்.

முதற் கதிரையின் சாய்வு பிழை என்று அப்படித்தான் கண்டுபிடித்துத் திருத்தினார். அந்தத் திருத்தத்தை மேற்பார்வையாளர் வெட்கமில்லாமல் தன்னுடையது என்று முதலாளியிடம் சொன்னார்.

ஒருநாள் அதே மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். கறி மணம் மரத்தில் ஏறிவிடுமாம். கையால் தின்கிறவர் இனிக் கதிரைகளில் இருக்கக் கூடாதாம். அண்ணை இருந்த கதிரையை விற்க முடியாது என்று கிடங்கில் போடுவித்தார். இதை அண்ணையிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சாப்பாட்டு ஆவி பட்டால் பொலிஷ் பழுதாகுமாம் என்று மாற்றிச் சொன்னேன்.

"ஓம், அது ஞாயம்தானே" என்றார்.

அன்று முதல் உடுப்பு மாற்றும் அறையில் நின்றபடியே சாப்பிட்டார். மேற்பார்வையாளரோ அடுத்த வாரமே புதுக் கதிரையொன்றில் சாய்ந்திருந்து, வினாகிரி நாறும் ஹெரிங் மீனைத் தின்றார். பார்க்க அருவருப்பாக இருந்தது. ஒரு சொல் எதிர்த்துச் சொல்லாத என் வாயை நினைத்தால் அதைவிடக் குமட்டுகிறது.

நேற்று அவருடைய எட்டுச் செலவு, எட்டாம் நாள் படையல். அவருக்குப் பிடித்த மீன்குழம்பும் சோறும் சமைத்து, படத்துக்கு முன்னால் படைத்திருந்தார் அவருடைய மனைவி. கிடங்கிலிருந்து அந்தக் கதிரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். வழியில் முகர்ந்து பார்த்தேன். ஓக் மணம் மட்டும்தான் இருந்தது. வாழையிலை கிடைக்காமல் தட்டில் வைத்திருந்த படையலுக்கு முன்னால் அதைப் போட்டேன்.

இருந்து சாப்பிடுங்கோ, அண்ணை. பொலிஷுக்கு ஒண்டும் ஆகாது. நான் சொன்னது பொய்.