எஞ்சினை அணைத்து இறக்கிய வண்டி

அந்தப் பழைய காரை வாங்கியதே என் மனைவி தேயிலையை விட்டு வெளியே வரத்தான். கேமரன் மலைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவள் அவள். லயத்து வீடு தோட்டத்துடையது. குடும்பத்தில் ஒருவர் பெயராவது வேலைப் பதிவில் இருக்கும்வரைதான் அதில் குடியிருக்கலாம். மாமியார் பெயர் இருந்தது. அந்தத் தைரியத்தில் இவள் தானா ராத்தா டவுனில் ஒரு பல் மருத்துவரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். நானோ போடியிலிருந்து கடல் தாண்டி வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து இறங்கியவன். எனக்கு வேலை பார்க்கும் அனுமதி இன்னும் வரவில்லை. அவளைக் கொண்டுபோய் விட்டு அழைத்து வருவதுதான் என் உத்தியோகம்.

காரைப் பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் ஒரு காய்கறி வியாபாரியிடம் வாங்கினோம். டிக்கியில் அழுகிய கோஸ் நாற்றம் கடைசிவரை போகவில்லை. மற்றபடி குறை சொல்ல முடியாத வண்டி.

போடிமெட்டில் ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப் ஓட்டியவன் நான். அங்கே இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்துவிடுவோம். டீசல் மிச்சமாகும், முதலாளியிடம் நல்ல பெயர். இங்கே பெட்ரோல் மலிவு, யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் பழகின கை சும்மா இருக்குமா? மனைவி இருந்தால் திட்டுவாள் என்று, தனியாகப் போகும்போது சின்னச் சின்ன இறக்கங்களில் மட்டும் அணைப்பேன்.

அன்று மத்தியானம் அவளை அழைத்துவரக் கிளம்பினேன். சந்தையில் ஏதோ வாங்கவேண்டும் என்று மாமியாரும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். தோட்டத்து ஃபேக்டரியைத் தாண்டினால் நீளமான இறக்கம். அவரிடம் என் சாமர்த்தியத்தைக் காட்ட ஆசை வந்தது. சாவியைத் திருப்பினேன்.

"என்னா மாப்ள, சத்தத்தையே காணோம்?"

"எங்க ஊரு வித்த, அத்த. பேசாம வாங்க."

முதல் வளைவில் பிரேக் பிடித்தது. இரண்டாவதில் அரைகுறையாகப் பிடித்தது. மூன்றாவதில் பெடல் கல்லாகிவிட்டது. இரண்டு காலாலும் மிதித்தேன், அசையவில்லை. என் பழைய ஜீப்புக்கு எஞ்சினின் தயவு தேவையில்லை. இந்தக் காரில் எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்குப் பலம். இதுகூடத் தெரியாத மடையன்தான் வித்தை காட்டியிருக்கிறேன். வண்டி இடதுபக்கமாக ஓரத்துச் சிமெண்ட் வடிகாலில் சாய்ந்தது. ஜன்னல் விளிம்பைப் பிடித்திருந்த அத்தையின் கை கதவுக்கும் சிமெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அவர் கத்தவில்லை. கத்தியது நான்தான்.

மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். கொழுந்து வெட்டும் கத்தரிக்கு இரண்டு கையும் வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு மனைவி ஓடி வந்தாள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அத்தை முந்திக்கொண்டார்.

"பழைய வண்டிதானே, பிரேக்கு போயிருச்சு. மாப்ள என்னா செய்வாரு, பாவம்."

நான் வாயை மூடிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். அத்தையின் வேலைத்திறனைப் பற்றி வெகுநேரம் பேசினார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"ஒரு பேரு இருக்கணும்லா. இல்லன்னா வீட்ட விடணும்."

அனுமதி வராத என் பெயரை எழுத வழியில்லை. 

"எம் பேர எழுதிக்குங்க, கிராணி," என்றாள் என் மனைவி.

இப்போது காலையில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கொழுந்து வெட்டத் தோட்டத்து லோரி ஏறுகிறாள். சாயங்காலம் தோள்பட்டையில் தைலம் தேய்த்துவிடச் சொல்கிறாள். தேய்க்கத் தேய்க்க அந்தக் காய்கறி வியாபாரியைத் திட்டுவாள். பிரேக் கெட்ட வண்டியைத் தலையில் கட்டியவன் நாசமாகப் போகவேண்டும், அவன் பிள்ளைகள் விளங்கக் கூடாது என்பாள். பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருப்பார். என் முகத்தை மட்டும் பார்க்கமாட்டார்.

நானும், "ஆமா, படுபாவி," என்கிறேன்.