பின் சீட் இல்லாத வண்டி

பஸ் டிப்போவில் அவனுக்கு 'ஆமை' என்று பெயர். யாரும் மறைத்துப் பேசுவதில்லை, முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். "ஆமை வந்தாச்சு, இனி எப்படியும் இருட்டுறதுக்குள்ள பஸ் கிளம்பிடும்" என்று டயர் மாற்றுகிற மெக்கானிக் சத்தமாகச் சொல்லுவான். அவனும் சேர்ந்து சிரித்துக்கொள்வான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவன் ஓட்டிய பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த ஒரு ஆள்கூடத் தடுமாறி விழுந்ததில்லை. அவன் பிரேக் போடுவதே யாருக்கும் தெரியாது. அவன் பஸ் என்றால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று அதற்காகவே காத்திருந்து ஏறுகிற வயதானவர்கள் இருந்தார்கள்.

அப்படிப்பட்டவன் வேலை முடிந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், கடைசி ஸ்டாப்புக்கு எதிரே இருந்த பழைய கார் ஷோரூமுக்குப் போய் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் முன்னால் நிற்க ஆரம்பித்தான்.

முதல் நாள் அங்கிருந்த விற்பனையாளன், பஸ் டிரைவர் பாத்ரூம் தேடி வந்திருக்கிறார் என்று நினைத்து, "நேரா போய் வலது பக்கம் சார்" என்று வழி காட்டினான். அவனுக்குக் கூச்சமாகிவிட்டது. சரியென்று உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்துதான் அந்தக் காரைப் பற்றிக் கேட்டான்.

கரு நீல நிறம். மடக்கி வைக்கிற துணிக் கூரை. தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அதில் உட்காருவதென்றால் கிட்டத்தட்ட உள்ளே விழ வேண்டும். நாள் முழுக்க மாடி உயரத்தில் உட்கார்ந்து பழகியவனுக்கு அது விசித்திரமாக இருந்தது. உள்ளே உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. சீட்டே இல்லை. தலைக்குப் பின்னால் ஒரு சின்னத் தடுப்பு, அதற்கப்புறம் கார் முடிந்துவிட்டது.

"டூ சீட்டர் சார். ஜோடியா போறதுக்குன்னே பண்ணினது" என்றான் விற்பனையாளன்.

அதைக் கேட்டுவிட்டு அவன் கொஞ்ச நேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

அவன் மனைவிக்கு வேலை பல் கட்டுகிற லேபில். பல் டாக்டர்கள் அனுப்பும் பிளாஸ்டர் அச்சில் மெழுகு வைத்து, பல்லை ஒவ்வொன்றாக அடுக்கி, ஈறு நிறம் கொடுத்து, தேய்த்து மெருகேற்றி, முழு பல்செட்டாக ஆக்குவாள். குடியிருப்பில் அவளுக்குப் பெயர் 'பல்லக்கா'. யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பாள். பெண் பார்க்க வந்தபோது அவனையும் அப்படித்தான் பார்த்தாள். "மேல் வரிசை பரவாயில்ல, கீழ் வரிசையில கொஞ்சம் நெருக்கடி. ஆனா சமாளிச்சுக்கலாம்" என்று அன்றைக்கு அவள் அண்ணனிடம் சொன்னது வீட்டில் பல வருஷம் ஓடிய ஜோக்.

கல்யாணம் ஆன புதிதில் இரண்டு அறை போதும் என்றுதான் வீடு பார்த்தார்கள். அவள்தான் மூன்றாவதாக ஒரு சின்ன அறையும் இருக்கட்டும் என்றாள். அந்த அறையில் இப்போது இஸ்திரி மேஜை நிற்கிறது. அவர்கள் ஏறி இறங்காத கருத்தரிப்பு மையம் இல்லை. ஃபிரிட்ஜ் கதவில் முட்டை வைக்கிற இடத்தில் ஊசி மருந்து இருக்கும். காலையில் அவனே அவளுக்கு ஊசி போட்டுவிட்டு டியூட்டிக்குப் போவான். ஊசி போட்ட இடமெல்லாம் கன்றிப்போய், போடுவதற்கு நல்ல இடம் தேட வேண்டியிருந்தது. இரண்டு தடவை தங்குவதுபோலத் தங்கிக் கலைந்தது. இரண்டாவது தடவை கலைந்தபோது அவள் லேபில் இருந்தாள். கையிலிருந்த பல்செட்டை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஏன் என்று அவனும் கேட்கவில்லை.

கடைசியாகப் போனபோது டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார். "இன்னொரு தடவை பண்ணிப் பார்க்கலாம்னு நீங்க கேட்டா நான் மாட்டேன்னு சொல்லமாட்டேன். ஆனா பண்ணுங்கன்னும் சொல்லமாட்டேன். ரெண்டு பேரும் உக்காந்து பேசிட்டு வாங்க."

அவர்கள் உட்கார்ந்து பேசவேயில்லை. அடுத்த தடவைக்கென்று எடுத்து வைத்த பணம் பேங்கில் அப்படியே கிடந்தது. இரண்டு பேருக்கும் அது கிடப்பது தெரியும். வீட்டில் பால் தீர்ந்துவிட்டது, லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று எல்லாவற்றையும் பேசினார்கள். அதை மட்டும் பேசவில்லை. அந்தச் சமயத்தில்தான் அவன் அந்தக் காரைப் பார்த்தான்.

காரைப் பற்றி அவன் வீட்டில் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் அண்ணன் வந்திருந்தார். தங்கை மேல் உயிரையே வைத்திருக்கிறவர். எதற்கும் ஒரு யோசனை சொல்லாமல் டீ இறங்காது.

"மச்சான், உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார். "ஆமைன்னு பேர் வாங்கின ஆளு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறேங்கறீங்க. ஊரே சிரிக்கும். அந்தப் பணத்துல ஒரு இடம் வாங்கிப் போடுங்க. இல்ல, கார்தான் வேணும்னா நல்லதா ஒரு குடும்ப வண்டி பாருங்க. நாளைக்கே வீட்டுல ஒரு..."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. டம்ளரைப் பார்த்தார். டீயில் இல்லாத தூசியை விரலால் எடுத்தார்.

சமையலறையிலிருந்து அவள் வந்தாள். "எத்தனை பேர் உக்காரலாம் அதுல?"

"ரெண்டு பேர்" என்றான் அவன்.

"நாங்க ரெண்டு பேர்தானே அண்ணா" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்பதுபோலச் சொன்னாள். அண்ணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, வேலை இருக்கிறதென்று கிளம்பினார். படியிறங்கும்போது மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

மறுநாள் மாலை அவளும் ஷோரூமுக்கு வந்தாள். லேபிலிருந்து நேராக வந்ததால் முன் நெற்றி முடியில் பிளாஸ்டர் தூள் ஒட்டியிருந்தது. விற்பனையாளன் இளைஞன், நல்லவன். வீட்டம்மாவையே அழைத்துக்கொண்டு வந்துவிட்டார் என்றால் வியாபாரம் முடிந்த மாதிரிதான் என்று அவனுக்கு உற்சாகம். கதவைத் திறந்துவிட்டு அவளை உட்கார வைத்தான். கூரையை மடக்கிக் காட்டினான். கடைசியில் யாரும் கேட்காமலேயே சொன்னான்:

"பின் சீட் இல்லையேன்னு எல்லாரும் யோசிப்பாங்க மேடம். கவலையே வேண்டாம். குழந்தை இருந்தா இந்த முன் சீட்லயே குழந்தை சீட் மாட்டிக்கலாம். ஏர்பேக்கை மட்டும் ஆஃப் பண்ணிடணும். இதோ இங்க, சாவி போட்டுத் திருப்பணும்."

ஆமை தரையைப் பார்த்தான். இதோடு முடிந்தது, எழுந்து வந்துவிடுவாள் என்று நினைத்தான்.

அவள் எழவில்லை. "எங்க, திருப்பிக் காட்டுங்க" என்றாள்.

விற்பனையாளன் திருப்பிக் காட்டினான். ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தது. அவள் குனிந்து அதைப் பார்த்தாள். ஒரு பல்லின் நிறம் பக்கத்துப் பல்லோடு சேருகிறதா என்று வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பதுபோல அவ்வளவு கவனமாகப் பார்த்தாள்.

"சரி. அணைச்சிடுங்க" என்றாள். விளக்கு அணைந்தது. பிறகு கணவனைப் பார்த்து, "வாங்கிடலாங்க" என்றாள்.

அந்த நிமிஷம்தான் அவனுக்கே புரிந்தது. தினமும் வந்து நின்றானே தவிர, வாங்குவோம் என்று அவன் ஒரு நாளும் நினைக்கவில்லை. அவள் வேண்டாம் என்று சொல்லுவாள், சண்டை போடுவாள், 'அந்தப் பணத்தைத் தொடாதீங்க, இன்னொரு தடவை போகலாம்' என்று அழுவாள் என்றுதான் காத்திருந்திருக்கிறான். அவள் மறுக்கிற வரைக்கும் ஏதோ ஒன்று பாக்கியிருக்கிறது. இப்போது அவள் சரி என்றுவிட்டாள்.

விற்பனையாளன் பேப்பர் எடுத்துவர உள்ளே போனான்.

"அவசரப்பட வேண்டாம்" என்றான் அவன். "இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம்."

"என்ன யோசிக்கணும்?"

"அந்தப் பணம்..."

"அது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"அதான் சொல்றேன். வேணும்னா இன்னொரு தடவை..."

அவள் தலையை அசைத்தாள். "இன்னொரு தடவை அந்த வெயிட்டிங் ரூம்ல உக்கார என்னால முடியாதுங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். போதும்னு நீங்களாவது சொல்லுவீங்கன்னு பார்த்தேன். நீங்க சொல்லல. ஒரு காரைக் கொண்டுவந்து காட்டினீங்க."

"நான் அப்படி நினைச்சுக் காட்டல."

"எனக்கு அப்படித்தான் தெரிஞ்சது" என்றாள். "பரவாயில்ல விடுங்க. யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும்."

அவன் முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று போனான். இந்தத் தடவை யாரும் வழி காட்ட வேண்டியிருக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டான்.

டிப்போவில் இரண்டு நாள் திருவிழாதான். மெக்கானிக் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஆமைக்கு ராக்கெட் எஞ்சின் மாட்டியாச்சுடா" என்றான். ஆளாளுக்குத் தோளில் தட்டினார்கள். அவன் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

அந்த வாரமே விடுமுறை நாளில் இரண்டு பேரும் ஊருக்கு வெளியே போகிற பெரிய சாலையில் போனார்கள். காலை நேரம், சாலை காலியாகக் கிடந்தது. கூரையை மடக்கியிருந்தான். அவள் தலையில் ஒரு துணியைக் கட்டியிருந்தாள். அவன் வழக்கம்போல ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு பஸ் ஸ்டாப் வந்ததும் தன்னையறியாமல் ஓரம் கட்டப் போய்விட்டான். அவள் சிரித்துவிட்டாள். எத்தனையோ மாதங்களுக்கு அப்புறம் அவள் சிரிப்பைக் கேட்டதில் அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தான்.

"இன்னும் கொஞ்சம் வேகமா போங்க" என்றாள்.

போனான். காற்று காதில் அறைந்தது. பக்கத்தில் போன மரங்கள் மரமாகத் தெரியவில்லை.

"இன்னும்."

திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணை மூடியிருந்தாள். கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. பெல்ட்டையும் கழற்றியிருந்தாள்.

"இன்னும் வேகமா போங்க" என்றாள். வேகம் பிடித்துப்போன குரல் இல்லை அது. திரும்பி வீட்டுக்குப் போனாலும் போகாவிட்டாலும் ஒன்றுதான் என்கிற குரல்.

அவன் காலை எடுத்தான். அவ்வளவு வருஷப் பழக்கம் கைகொடுத்தது. ஒரு குலுங்கல்கூட இல்லாமல் வேகத்தைக் குறைத்துக் கொண்டுவந்து ஒரு குடோன் சுவர் ஓரமாக நிறுத்தினான்.

"பயந்துட்டீங்களா?" என்று கண்ணைத் திறந்து கேட்டாள்.

"ஆமா."

"எனக்குப் பயமே வரல" என்றாள். அப்புறம் ஏதோ தப்புச் செய்த பிள்ளை மாதிரி, "என்னமோ ஆயிடுச்சுங்க எனக்கு" என்றாள்.

அவன் குனிந்து அவள் பெல்ட்டை எடுத்து மாட்டிவிட்டான். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. வெயில் ஏறுகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். லாரிகள் கடந்து போகும்போதெல்லாம் கார் லேசாக ஆடியது.

அடுத்த வாரம் அவன் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான், இது வேறு டாக்டர், மனசுக்குப் பார்க்கிறவர். மாத்திரை கொடுத்தார், பேசச் சொன்னார். அவள் போய்ப் பேசுகிறாள். தூக்கம் கொஞ்சம் வருகிறது. அதற்கு மேல் பெரிதாக எதுவும் மாறவில்லை. அண்ணன் வந்தால் இப்போது யோசனை எதுவும் சொல்லுவதில்லை, பழம் வாங்கி வைத்துவிட்டுப் போகிறார்.

காரை விற்கவில்லை. விற்றால் அந்தப் பணம் திரும்ப வந்து வீட்டில் உட்கார்ந்துகொள்ளும் என்று இரண்டு பேருக்குமே பயம். காலை டியூட்டி வாரங்களில் மாலையில் அவன் லேப் வாசலில் போய் நிற்பான். அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஏறுவாள். வீட்டுச் சுவர் மெல்லியது, அழுதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அதனால் அவள் காரில்தான் அழுவாள். தினமும் இல்லை. அழுகிற நாட்களில் அவன் கூரையைத் திறக்கமாட்டான். ஊரைச் சுற்றுகிற நீளமான சாலையில் திருப்பி, பஸ் ஓட்டுகிற வேகத்திலேயே ஓட்டுவான். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துவிட்டு, எரிச்சலோடு திரும்பிப் பார்த்துக்கொண்டே கடந்து போவார்கள். அப்படி ஒரு காரை வைத்துக்கொண்டு இப்படி ஓட்டுகிறானே என்று இருக்கும் அவர்களுக்கு.